மலையில் பிரசவமா? பச்சைக் குழந்தைக்குச் சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

சர்க்கரை ஏறுவதுதான் வியாதி என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். பிறந்த குழந்தைக்கு அது இறங்குவதுதான் ஆபத்து. நீலகிரிக்குக் கல்யாணமாகி வந்தவர்கள், மாற்றலில் வந்தவர்கள், எஸ்டேட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்று எவரிடமும் இதை முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லை. என் மூத்தவன் 36 வாரத்தில், 2 கிலோ 100 கிராமில் பிறந்தான். உடம்பு சில்லிட்டு, சர்க்கரை இறங்கி, ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிய பிறகுதான் எங்களுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. நான் மருத்துவர் இல்லை. சிகிச்சை முடிவு உங்கள் மருத்துவருடையது. எதை எப்போது கேட்க வேண்டும், என்னென்ன தயாராக இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வயிற்றில் இருக்கும்வரை தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குச் சர்க்கரை போய்க்கொண்டே இருக்கும். கொடியை வெட்டியதும் அது நின்றுவிடும். முதல் 1, 2 மணி நேரத்தில் எல்லாக் குழந்தைக்கும் சர்க்கரை கொஞ்சம் இறங்கும். அப்புறம் ஈரலில் இருக்கும் சேமிப்பை எடுத்துக்கொண்டு உடம்பு தானே ஏற்றிக்கொள்ளும். சேமிப்பு இல்லாத குழந்தைக்கும், சேமிப்பைச் சீக்கிரம் செலவழிக்கும் குழந்தைக்கும் ஏறாது. அப்படியே நீடித்தால் மூளைக்குப் பாதிப்பு வரலாம். மலைக் குளிர் அந்தச் சேமிப்பைத்தான் முதலில் காலி செய்கிறது. உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளக் குழந்தை அதைத்தானே எரிக்க வேண்டும். அதனால் இங்கே பாலும் கதகதப்பும் சேர்ந்தே போக வேண்டும்.

1. உங்கள் குழந்தைக்கு ஆபத்து அதிகமா என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள்

37 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தை, இரண்டரை கிலோவுக்குக் குறைவான குழந்தை, 4 கிலோவைத் தாண்டிய குழந்தை, கர்ப்பத்தில் சர்க்கரை வந்த தாயின் குழந்தை, பிறந்ததும் அழாமல் மூச்சுக்குத் திணறிய குழந்தை. இவர்களைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ரத்தக் கொதிப்புக்காக லேபடலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும், அதுவும் குழந்தையின் சர்க்கரையை இறக்கலாம். பெரிய குழந்தை என்றால் பலரும் சந்தோஷப்பட்டு விட்டுவிடுவார்கள். தாய்க்குச் சர்க்கரை இருந்து குழந்தை கொழுகொழுவென்று பிறந்தால்தான் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தாயின் சர்க்கரையைச் சமாளிக்க அந்தக் குழந்தையின் உடம்பு இன்சுலினைத் தாராளமாகச் சுரந்து பழகியிருக்கும். கொடி வெட்டிய பிறகும் இன்சுலின் உடனே குறையாது, சர்க்கரைதான் சட்டென்று விழும்.

கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டுபிடிக்கும் சோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றில்தான் போக வேண்டும் என்று இல்லை. மஞ்சூரிலிருந்தோ பந்தலூரிலிருந்தோ காலை முதல் பஸ் பிடித்து வருகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். பதிவு செய்யும்போது ஒரு தடவை, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை செய்ய வேண்டும். முதல் தடவை சரியாக இருந்ததே என்று இரண்டாவதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் அன்றைய முடிவை நம்பாதீர்கள், இன்னொரு நாள் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

2. எங்கே பிரசவம் என்பதை 34 வாரத்துக்குள் முடிவு செய்யுங்கள்

பக்கத்தில் இருக்கிறது, தெரிந்த சிஸ்டர் இருக்கிறார் என்பதெல்லாம் சாதாரணப் பிரசவத்துக்குச் சரி. மேலே சொன்னவற்றில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினாலும் இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ராத்திரியில் குழந்தை மருத்துவர் வருவாரா? நடு ராத்திரியிலும் குழந்தைக்குச் சர்க்கரை பார்ப்பீர்களா? குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மர் வேலை செய்கிறதா, கரண்ட் போனால் என்ன ஏற்பாடு? குழந்தைக்கு டிரிப்ஸ் போட வேண்டி வந்தால் இங்கேயே போடுவீர்களா, அனுப்பிவிடுவீர்களா?

ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. குன்னூரில் அரசு லாலி மருத்துவமனை. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அரசு மருத்துவமனைகள் உண்டு. எங்கே எந்த நேரத்தில் என்ன வசதி என்பது மாறிக்கொண்டே இருக்கும், நேரில் போய்க் கேளுங்கள். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர்தான், ஆனால் மலைப்பாதை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டும் மழையில் மரம் விழுந்தால் அவ்வளவுதான். குன்னூர், கோத்தகிரிக்கு அந்தக் கவலை வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. உங்கள் தேதி இந்த மாதங்களில் விழுந்தால் கடைசி வாரத்தை மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கும் உறவினர் வீட்டில் கழிப்பதைப் பற்றி யோசியுங்கள். மாமியார் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

3. காகிதமும் பணமும்

பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) இல்லாமல் எதுவும் நகராது. கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து 12 இலக்க எண்ணை வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் அதுதான் வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் அதுவே. அந்தத் திட்டத்தின் மொத்த மதிப்பு 18,000 ரூபாய், அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும்.

ஒரு கோப்பில் இவற்றைப் போட்டு வையுங்கள்: தாய் சேய் நல அட்டை, குளுக்கோஸ் சோதனை முடிவுகள், ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் (குறிப்பாகக் குழந்தையின் எடை போட்டிருக்கும் கடைசி ஸ்கேன்), ரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை. எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறை.

புது மருமகள்களுக்கு ஒரு எச்சரிக்கை. உங்கள் பெயர் இன்னும் அம்மா வீட்டுக் குடும்ப அட்டையிலேயே இருந்தால், புகுந்த வீட்டுக் காப்பீட்டு அட்டையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். பெயரை நீக்கி, சேர்த்து, காப்பீட்டைப் புதுப்பிக்க எவ்வளவு நாள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏழாம் மாதத்துக்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வருமானச் சான்று வாங்க வேண்டும்.

அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, சோதனை, சாப்பாடு எல்லாம் இலவசம். ஒரு வயதுவரை குழந்தையின் சிகிச்சையும் இலவசம். வீட்டுக்குத் திரும்ப 102 வண்டி வரும். தனியாரில் பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு என்றால் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கில் போகும். சேரும்போதே ஒரு நாள் செலவு என்ன, காப்பீடு உண்டா, முன்பணம் எவ்வளவு என்று மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

4. பையில் என்ன இருக்க வேண்டும்

துணி. நிறையத் துணி. நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு. மழைக்காலத்தில் இங்கே துணி காயவே காயாது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், கன்னத்தில் வைத்துப் பார்த்தால் ஈரம் தெரியும். ஈரத் துணி குழந்தையின் சூட்டை உறிஞ்சிவிடும். கடைசி ஈரம் போக இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போங்கள். பருத்தித் துண்டுகள், ஃபிளானல் போர்வை, குறைந்தது மூன்று தொப்பி, காலுறை, கையுறை. கம்பளிச் சட்டை நேராக உடம்பில் படாமல் உள்ளே ஒரு பருத்திச் சட்டை.

அப்புறம் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பால் புகட்ட ஒரு சங்கு, எவர்சில்வரில் வாங்கினால் கொதிக்க வைக்கச் சுலபம். தாய்க்கு முன்பக்கம் திறக்கும் நைட்டி. தகப்பனுக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை, காரணம் கீழே வருகிறது.

வீட்டில் குழந்தைக்கென்று குளுக்கோமீட்டர் வாங்கச் சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். பெரியவர்களுக்காகச் செய்த கருவி, குறைந்த அளவுகளில் தடுமாறும். உங்களைப் பயமுறுத்தவோ பொய்யாகத் தைரியம் கொடுக்கவோதான் அது உதவும்.

5. வலி வந்ததும்

சர்க்கரை உள்ள தாய் என்றால் பிரசவ அறையில் உங்கள் சர்க்கரையையும் அடிக்கடி பார்க்க வேண்டும். உறவினர்கள் பாசத்தில் குளுக்கோஸ் தண்ணீர், பாட்டில் ஜூஸ் என்று நீட்டுவார்கள். மருத்துவரைக் கேட்காமல் குடிக்காதீர்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு ஏறும் சர்க்கரை, குழந்தைக்கு இன்சுலினை ஏற்றிவிட்டு, பிறந்ததும் இறக்கிவிடும்.

கோவையிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ அம்மா வீட்டார் சொந்த வண்டியில் வருவதாக இருந்தால் இ-பாஸ் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 2024 மே 7 முதல் வந்த நடைமுறை இது. டிஎன் 43 வண்டிகளுக்குத் தேவையில்லை.

6. முதல் ஒரு மணி நேரம்

எல்லாமே இங்கேதான் இருக்கிறது என்பேன். பிறந்தவுடன் துடைத்து, ஈரத் துண்டை எடுத்துவிட்டு, தொப்பி போட்டு, சட்டை இல்லாமல் அப்படியே தாயின் மார்பில் போட்டு மேலே போர்த்த வேண்டும். தோலோடு தோல் படுவதுதான் சூடு. எந்தப் போர்வையும் அதற்கு ஈடாகாது. அந்த நிலையிலேயே குழந்தை மார்பைத் தேடும், முதல் மணிக்குள் சப்ப விடுங்கள். பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனையிலேயே "குழந்தையை உடனே என் மேல போடுவீங்களா?" என்று கேட்டு வைப்பது நல்லது. வலியில் கிடக்கும்போது கேட்கத் தோன்றாது.

சிசேரியன் என்றால் தாய் தையல் போட்டு வெளியே வர நேரமாகும். அதுவரை தகப்பன் நெஞ்சில் போட்டுக்கொள்ளலாம். பொத்தான் சட்டை இதற்குத்தான். கூச்சப்படும் தகப்பன்மார்களுக்கு முன்கூட்டியே சொல்லித் தயார் செய்யுங்கள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வார்டுக்குப் போகும் நடையையும் கவனியுங்கள். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி ராத்திரி என்றால் ஜன்னல் வழியாகப் பனி உள்ளேயே வந்து நிற்கும். "பேரனைக் காட்டுங்க" என்று அங்கேயே போர்வையை விலக்கிப் பார்க்கும் வைபவம் நடக்கும். வார்டில் போய்ப் பார்க்கலாம், தொப்பியோடு.

குளிப்பாட்டுவதை முதல் 24 மணி நேரத்துக்காவது தள்ளிப் போடுங்கள். எடை குறைந்த குழந்தைக்கு இன்னும் தள்ளும்படி மருத்துவரே சொல்வார்.

சேனை வைக்கும் வழக்கம், அதாவது பிறந்ததும் குழந்தையின் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைப்பது, பல வீடுகளில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அத்தை, குறும்பர் பழங்குடியினர் எடுத்த மலைத்தேனைச் சின்ன பாட்டிலில் கொண்டு வந்திருந்தார். "ஒரு வருஷம் போகட்டும் அத்தை, உங்க கையாலயே ஊட்டுங்க" என்றதும் பாட்டிலைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார். நல்ல தேன்தான். ஆனால் எந்தத் தேனாக இருந்தாலும் ஒரு வயதுக்குள் பொட்டுலிசம் என்ற நச்சு நோய்க்கு வாய்ப்பு உண்டு. சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். சர்க்கரை குறையும் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர்தானே மருந்து என்று தோன்றும். அது வயிற்றை நிரப்பிப் பசியைக் கெடுக்கும், சட்டென்று ஏற்றித் திரும்ப இறக்கும். சீம்பாலில் இருக்கும் கொழுப்பும் புரதமும் அதில் கிடையாது.

7. குதிகால் சோதனை

ஆபத்துப் பட்டியலில் இருக்கும் குழந்தைக்குப் பிறந்து 2, 6, 12, 24, 48, 72 மணி நேரத்தில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பது இங்கே பரவலான வழக்கம். உங்கள் மருத்துவர் கொஞ்சம் மாற்றலாம். ஒரு தாளில் இந்த நேரங்களைக் கடிகார நேரமாகவே எழுதிக் கட்டிலில் ஒட்டுங்கள்: மதியம் 3.10-க்குப் பிறந்தால் 5.10, இரவு 9.10, அதிகாலை 3.10 என்று. சிஸ்டர்கள் ஷிப்ட் மாறுவார்கள், தாள் மாறாது. அந்த அதிகாலை 3.10 தான் விட்டுப்போகும்.

எப்படி எடுக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். குதிகாலின் நடுவில் குத்தக் கூடாது, பக்கவாட்டில்தான். குளிர்ந்த காலில் ரத்தம் வராது. அழுத்திப் பிழிந்தால் அளவு தப்பாக வரும். அதனால் முன்பே உங்கள் உள்ளங்கைக்குள் அந்தச் சின்னப் பாதத்தை வைத்துச் சூடாக்குங்கள். ஸ்பிரிட் முழுக்கக் காய்ந்த பிறகு குத்த வேண்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதைப் பட்டையில் தொட்டால் சில நொடியில் எண் வரும். பால் கொடுப்பதற்கு முன்பு பார்ப்பதுதான் முறை.

டெசிலிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் பெரும்பாலும் நடவடிக்கை எடுப்பார்கள். குழந்தை தெம்பாக இருந்து, எண் கொஞ்சம்தான் குறைவு என்றால் உடனே பால் கொடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் திரும்பப் பார்ப்பார்கள். ரொம்பக் கீழே என்றாலோ, அறிகுறி தெரிந்தாலோ டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) டிரிப்ஸ். திரையில் எண்ணுக்குப் பதில் "லோ" என்று வந்தால் கருவியால் அளக்கவே முடியாத அளவுக்குக் கீழே போயிருக்கிறது என்று பொருள், ஓடிப்போய் மருத்துவரைக் கூப்பிடுங்கள். கருவி காட்டியதை லேபில் உறுதி செய்வார்கள். அந்த ரத்தம் குழாயில் வெகுநேரம் கிடந்தால் சர்க்கரை இன்னும் குறைவாகக் காட்டும், சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். லேப் முடிவுக்காகச் சிகிச்சை காத்திருக்காது.

டிரிப்ஸ் போட்ட பிறகு "எப்போ எடுப்பீங்க?" என்று தினமும் நச்சரிக்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் சர்க்கரை திரும்ப விழும். பாலைக் கூட்டிக்கொண்டே, டிரிப்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்கள்.

8. பாலும் கதகதப்பும், முதல் மூன்று நாள்

2 முதல் 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை. அழுதால்தான் பால் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். 35, 36 வாரக் குழந்தை பார்க்க முழுக் குழந்தை மாதிரி இருக்கும், நான்கு சப்பு சப்பிவிட்டுத் தூங்கிவிடும். வந்து பார்க்கிறவர்கள் "சமத்து, தொந்தரவே இல்லை" என்பார்கள். அந்தச் சமத்தைத்தான் நம்பக் கூடாது. போர்வையை விலக்கி, பாதத்தைச் சுண்டி, எழுப்பிப் பால் கொடுங்கள். சப்பவில்லை என்றால் கையால் பீய்ச்சிச் சங்கில் புகட்டுங்கள். முதல் நாள் பால் மஞ்சளாக, கெட்டியாக, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஒரு வேளைக்குச் சில மில்லிதான். "பாலே இல்லை" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஆனால் சோதனையில் எண் ஏறவில்லை, மருத்துவர் தற்காலிகமாகப் பால் பவுடர் கொடுக்கச் சொல்கிறார் என்றால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, கொடுங்கள்.

சூட்டுக்கு வழி, பகலில் முடிந்தவரை கங்காரு முறையில், அதாவது தோலோடு தோலாக நெஞ்சில் வைத்திருப்பதுதான். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தால் 97.7 முதல் 99.5 ஃபாரன்ஹீட், அதாவது 36.5 முதல் 37.5 செல்சியஸ் இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாத நேரத்தில் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வயிறு சூடு, பாதம் சில்லென்று இருந்தால் குளிர ஆரம்பித்துவிட்டது. இரண்டும் சில்லென்றால் உடனே மருத்துவர்.

வீட்டிலோ தங்கும் அறையிலோ குழந்தைக்காகக் கரி அடுப்பு மூட்டிக் கதவைச் சாத்தவே சாத்தாதீர்கள். அந்த விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. குளிருக்கு மூட்டிய கரியால் ஊட்டிப் பக்கம் உயிரிழப்புகளே நடந்திருக்கின்றன. சுடுதண்ணீர்ப் பையைக் குழந்தையின் பக்கத்தில் போடுவதும் வேண்டாம், தோல் வெந்துவிடும். சாம்பிராணிப் புகையும் அப்படித்தான், மூச்சுக்கு ஆகாது.

9. எப்போது ஓட வேண்டும்

கை கால் படபடவென்று நடுங்குவது, எழுப்பினாலும் எழாத சோர்வு, பால் குடிக்க மறுப்பது, துவண்டு போவது, அழுகை மெலிவது அல்லது கீச்சென்று மாறுவது, உதடு நீலமாவது, மூச்சு விட்டு விட்டு வருவது, வலிப்பு. நடுங்கும் கையை மெதுவாகப் பிடித்தால் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் வலிப்பாக இருக்கலாம். நின்றாலும் சர்க்கரை பார்த்தே ஆக வேண்டும். எந்த அறிகுறியும் இல்லாமலே சர்க்கரை இறங்கிக் கிடப்பதும் உண்டு, அதனால்தான் அட்டவணையை விடாதீர்கள் என்கிறேன். துவண்டு கிடக்கும் குழந்தையின் வாயில் பாலையோ சர்க்கரைத் தண்ணீரையோ ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

வீட்டில் இருந்தால் 108. மருத்துவமனையிலிருந்து வேறு இடத்துக்கு அனுப்புகிறார்கள் என்றால் கிளம்பும் முன் நான்கு காரியம்: சர்க்கரை பார்த்து, குடிக்கும் நிலையில் இருந்தால் பால் கொடுத்து, குழந்தையை நெஞ்சோடு கட்டி, பரிந்துரைச் சீட்டை வாங்குங்கள். சீட்டில் ஒவ்வொரு சர்க்கரை அளவும் அதன் நேரத்தோடு இருக்க வேண்டும், என்ன மருந்து எப்போது கொடுத்தார்கள் என்பதும். எங்களை அனுப்பிய இடத்தில் எண்களே எழுதவில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் முதல் கேள்வியே அதுதான், எல்லாவற்றையும் முதலிலிருந்து குத்தினார்கள். கோவை வரை போக வேண்டுமென்றால் ஊட்டியிலிருந்து மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் சில இடங்களில் செல்போன் சிக்னல் இருக்காது, போய்ச் சேரும் இடத்துக்குக் கிளம்பும் முன்பே போன் செய்யச் சொல்லுங்கள்.

10. வீட்டுக்குப் போகும் முன்னும் பின்னும்

ஆபத்துப் பட்டியல் குழந்தையை 24 மணி நேரத்தில் கூட்டிப் போக அவசரப்படாதீர்கள், வீட்டில் சொந்தக்காரர்கள் காத்திருந்தாலும் சரி. வெறும் பாலில் மட்டும் இருந்து, வரிசையாகச் சில அளவுகள் சரியாக வந்த பிறகு கிளம்புங்கள். டிஸ்சார்ஜ் தாளில் பிறந்த எடை, கிளம்பும் எடை, சர்க்கரை அளவுகள் இருக்கின்றனவா என்று வாசலைத் தாண்டும் முன் படித்துப் பாருங்கள். மூன்று நாளுக்குப் பிறகும் சர்க்கரை இறங்காமல் நிலையாக நிற்கவில்லை என்றால் ஹார்மோன் சோதனைகள் தேவைப்படலாம், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் தயங்க வேண்டாம்.

வீட்டில் ஈரமாகும் துணியை எண்ணிக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு 6 தடவையாவது சிறுநீர் போக வேண்டும். கிராம சுகாதார செவிலியர் வரும்போது எடை போடச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த தாய்மார்கள் பிரசவமாகி 6 வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் சோதனையை இன்னொரு தடவை செய்துகொள்ள வேண்டும். குழந்தையின் 6 வாரத் தடுப்பூசியும் அப்போதுதான் வரும். செவிலியரிடம் முன்பே கேட்டு இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் ஒரு பஸ் செலவு மிச்சம்.